சூட்டுக் கணக்கு

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் "எனர்ஜி ஆடிட்" என்பேன். ஆலைகளில் ஆற்றல் எங்கே வீணாகிறது என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் வேலை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் எழுந்து போய் ஏதாவது ஒரு லைட்டை அணைத்துவிட்டு வருவார். சொந்தக்காரர் வீடானாலும் சரி, ஆலை முதலாளியின் அறையானாலும் சரி, இது மட்டும் மாறியதே இல்லை. நல்ல பழக்கம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே ஆள் காலையில் வெந்நீர் ஷவருக்கு அடியில் கால் மணி நேரம் நின்றிருப்பார். அது அவருடைய கணக்கில் வராது. எரிகிற விளக்கு கண்ணில் படுகிறது, ஓடிப்போகிற சூடு படுவதில்லை. என் பிழைப்பே இந்த ஒரு கோளாறை நம்பித்தான் நடக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இதை ஆலைகளில் வகுப்பு எடுக்கும்போது கரும்பலகையில் போட்டுக் காட்டுவது வழக்கம். 20 லிட்டர் வாளி ஒன்று. அதை மூன்றாவது மாடிக்கு, அதாவது 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? சுமார் 2,000 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, ஒரு யூனிட்டில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. சரி, இப்போது அதே வாளித் தண்ணீரைத் தூக்க வேண்டாம், இருந்த இடத்திலேயே 20 டிகிரி சூடாக்குவோம். ஏறக்குறைய அரை யூனிட் ஆகிறது. தூக்குவதைப் போல 800 மடங்குக்கு மேல். பம்ப் பழையது, பாதி ஆற்றலை அதுவே தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டாலும் 400 மடங்கு இருக்கிறது.

இதைப் போட்டவுடன் வகுப்பில் யாராவது ஒருவர் "தப்பா இருக்கு சார்" என்று சொல்லாமல் இருக்க மாட்டார். உடம்பு அப்படித்தான் சொல்லும். வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கை வலிக்கிறது. வெந்நீர் போடுவதற்கு ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். எது பெரிய வேலை என்பதை நாம் தசையை வைத்து அளக்கிறோம், தசைக்கோ சூட்டின் விலை தெரியாது. அந்த ஒரு வாளி வெந்நீருக்கு ஆகும் மின்சாரத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை இரண்டு நாள் ராத்திரி பகலாக எரிய விடலாம். செல்போனை இருபது தடவை சார்ஜ் செய்யலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவரைக் கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சி வரை தூக்குவதற்குக் கணக்குப்படி ஒன்றரை யூனிட் போதும், அதாவது மூன்று வாளி வெந்நீர்.

உலகத்தில் மக்கள் கடைசியாகக் கையில் வாங்கிப் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, சூடாகத்தான் பயன்படுகிறது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க, தண்ணீர் காய்ச்ச, சமைக்க, அப்புறம் ஆலைகளில் உருக்க, உலர்த்த, வேகவைக்க, வடிக்க. மின்சாரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது விளக்கும் மின்விசிறியும் கணினியும். உண்மையில் நவீன வாழ்க்கையின் பெரும்பங்கு ஏதோ ஓர் உலைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

மனித உடம்பையும் இந்தக் கணக்கில் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிற உடம்பு சராசரியாக 100 வாட்டில் ஓடுகிறது, அதாவது பழைய குண்டு பல்பு ஒன்று. நல்ல உழைப்பாளி ஒருவர் எட்டு மணி நேரம் விடாமல் உடலால் உழைத்தால் வேலையாக வெளியே வருவது அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இன்று உலகம் ஓர் ஆண்டில் எரித்தும் பிடித்தும் பயன்படுத்தும் மொத்த ஆற்றல் ஏறக்குறைய 600 எக்ஸாஜூல் (ஒன்றுக்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்டால் வரும் அத்தனை ஜூல், ஓர் எக்ஸாஜூல்). 800 கோடிப் பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு நாளொன்றுக்கு 55 யூனிட்டுக்கு மேல் வருகிறது. வழியில் வீணாகும் பெரும்பகுதியைக் கழித்தாலும், பழைய காலத்தில் பெரும் செல்வந்தர்களிடம் மட்டுமே இருந்திருக்கக்கூடிய அளவு வேலையாட்களுக்கு இது சமம். இந்த வேலையாட்கள் கூலி கேட்பதில்லை, களைப்பதும் இல்லை, ஆகையால் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. பெட்ரோல் நிலையத்தில் வண்டிக்கு எரிபொருள் போடும்போது நிமிடத்துக்கு 35 லிட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு லிட்டரில் சுமார் 9 யூனிட் ஆற்றல். அந்தக் குழாயைப் பிடித்திருக்கும் கை வழியாகப் பாய்வது 19 மெகாவாட் வேகம். சின்ன மின் நிலையம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நாம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த 9 யூனிட்டில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது கால்வாசியை ஒட்டித்தான், மிச்சம் ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் சூடாகக் கழிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஆலைக்குள் போவோம், எனக்குப் பழக்கமான இடம் அதுதான்.

எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது பாய்லரை அல்ல, கம்ப்ரஸரை. காற்றை ஏழெட்டு மடங்கு அழுத்தி, குழாய் வழியாக ஆலை முழுக்க அனுப்பி, அதை வைத்துக் கருவிகளை ஓட்டுவார்கள். காற்று சும்மா கிடைப்பதுதானே என்று எல்லாரும் நினைப்பதால், மின்சாரம் இவ்வளவு தாராளமாகத் திருட்டுப் போகும் இடம் வேறு இல்லை. கம்ப்ரஸருக்குள் போகும் மின்சாரத்தில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு சூடாகவே வெளியேறிவிடும். மிச்சம்தான் அழுத்தமாகக் குழாயில் போகிறது. அந்தக் குழாயிலும் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்?

அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. ஆலை மூடியிருக்கும் நாளில், ஓர் இயந்திரம்கூட ஓடாத நேரத்தில், கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நிற்க வேண்டும். யாரும் காற்றைப் பயன்படுத்தவில்லை என்றால், அழுத்தம் நிரம்பியதும் அது லோடை, அதாவது காற்றை அழுத்தும் வேலையை, விட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இருக்காது. இரண்டு நிமிடம் லோடில் ஓடும், நான்கு நிமிடம் ஓய்வெடுக்கும், மறுபடியும் இரண்டு நிமிடம் ஓடும். ஆறு நிமிடத்தில் இரண்டு நிமிடம் என்றால் கம்ப்ரஸரால் தர முடிந்த காற்றில் மூன்றில் ஒரு பங்கு யாருக்கும் பயன்படாமல் ஓட்டை வழியாகப் போகிறது என்று அர்த்தம். சரியாகப் பராமரிக்காத ஆலைகளில் 20 முதல் 30 சதவீதம் வரை இப்படிப் போவது சாதாரணம்.

அப்படி ஒரு நாளில் ஒரு ஆலையில் வயதான ஃபிட்டர் ஒருவர் கூட வந்தார். கையில் சோப்புத் தண்ணீர், ஒரு பழைய பிரஷ். என்னிடம் காதுக்கு எட்டாத சீறலையும் பிடிக்கும் அல்ட்ராசோனிக் கருவி இருந்தது, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். அவருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. ஆலை நிசப்தமாக இருந்ததால் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நடந்தார். ஒரு குழாய் முனையில் நின்று பிரஷ்ஷைத் தடவினார். நுரை பொங்கிப் பறந்தது.

"இது எத்தனை நாளா அண்ணே?" என்றேன்.

"நாளா? நான் சேர்ந்ததிலிருந்தே சீறிக்கிட்டுத்தான் இருக்கு சார். மெஷின் ஓடும்போது சத்தத்துல கேக்காது. யாரும் கேக்கவும் இல்ல."

அது 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு ஓட்டை. ஆலைகளில் வழக்கமாக வைக்கும் அழுத்தத்தில் அந்த ஒரு ஓட்டைக்குத் தீனி போடுவதற்கு மட்டும் கம்ப்ரஸருக்கு 3 முதல் 4 கிலோவாட் ஆகிறது. இரவு பகல் ஓடினால் நாளுக்கு 70 யூனிட்டைத் தாண்டும். முந்நூற்றைம்பது எல்.இ.டி. பல்புகளை ஒரு நொடிகூட அணைக்காமல் எரியவிடுவதும் இதுவும் ஒன்று. அந்த ஆலையின் வாசலில் "தேவையில்லாத விளக்குகளை அணைப்போம்" என்று பெரிய போர்டு இருந்தது. ஓட்டையை அடைக்க ஒரு கிளாம்ப்பும் ஒரு வாஷரும் போதுமாக இருந்தன.

நீராவிக் குழாய்களின் கதையும் இதே மாதிரிதான், ஆனால் அங்கே சத்தமும் வராது. சூடு வெளியேறாமல் சுற்றியிருக்கும் இன்சுலேஷன் உரிந்த இடத்தில், சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவைக் காட்டினால் குழாய் வெள்ளை வெளேரென்று ஒளிரும். வெறுங்கண்ணால் பார்த்தால் பெயின்ட் அடித்த வெறும் இரும்புக் குழாய். அதன் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் தெரியும். "அந்தப் பக்கம் கொஞ்சம் வெக்கையா இருக்கும் சார்" என்பார்கள், ஏதோ வானிலையைப் பற்றிச் சொல்வது போல. அந்த வெக்கையைத் தணிக்க அங்கே நிர்வாகம் ஒரு பெரிய மின்விசிறியை வேறு வைத்திருக்கும். காசு கொடுத்துச் சூடாக்கி, பிறகு காசு கொடுத்து ஆற்றுவது. இதற்கு மேல் நான் அறிக்கையில் என்ன எழுத!

மின்விசிறி என்றதும் ஒன்று. ஆலைகளில் உள்ள பெரிய ஃபேன், பம்ப் மோட்டார்களின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் 20 சதவீதம் குறையாது, பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மின்தேவை மாறுவதால் இப்படி. உலகத்தின் மின்சாரத்தில் பாதியை நெருங்கும் அளவு ஏதோ ஒரு மோட்டாரைச் சுற்றத்தான் செலவாகிறது. ஆனாலும் எத்தனை இடங்களில் மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, வால்வைப் பாதி மூடி ஓட்டத்தைக் குறைக்கிறார்கள் தெரியுமா? ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே பிரேக்கைப் பிடித்து வண்டி ஓட்டுவதுதான் இது.

எங்கள் தொழிலின் மூலவர் யார் என்று கேட்டால் நான் ஜேம்ஸ் வாட் என்பேன். நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்வது சரியில்லை. அதை 1712-லேயே தாமஸ் நியூகாமன் செய்து, நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க ஓட்டிக் காட்டிவிட்டார். அந்த எஞ்சினில் ஒரு கொடுமை இருந்தது. சிலிண்டருக்குள் நீராவியை விடுவார்கள், பிறகு அதே சிலிண்டருக்குள் குளிர்ந்த நீரைப் பீய்ச்சி நீராவியைத் தண்ணீராக்குவார்கள், பிஸ்டன் இறங்கும். அடுத்த சுற்றுக்கு வரும் நீராவியின் பெரும்பகுதி, குளிர்ந்துபோன சிலிண்டரை மறுபடி சூடாக்குவதிலேயே போய்விடும். எரித்த நிலக்கரியின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குகூட வேலையாக மாறியதில்லை. சுரங்க வாசலிலேயே நிலக்கரி கிடந்ததால் யாரும் கவலைப்படவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு மாதிரி எஞ்சினைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோதுதான் கருவி செய்பவரான வாட் கேட்டார்: இவ்வளவு நீராவி எங்கே போகிறது? அளந்து பார்த்தார். 1765-ல் விடை கிடைத்தது. நீராவியைக் குளிரவைக்கத் தனியாக ஒரு பாத்திரம் வை, சிலிண்டரை எப்போதும் சூடாகவே விடு. 1769-ல் காப்புரிமை.

அதைவிட எனக்குப் பிடித்தது அவரும் கூட்டாளி மாத்யூ போல்டனும் காசு வாங்கிய விதம். பழைய எஞ்சினோடு ஒப்பிட்டால் எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். இன்றைக்கும் எங்கள் துறையில் பல நிறுவனங்கள் இதே முறையில்தான் பிழைக்கின்றன. சுரங்க முதலாளிகள் மிச்சத்தை அனுபவித்துவிட்டுப் பங்கு தரும்போது முகம் சுளித்ததும், வழக்குப் போட்டதும் அப்படியே தொடர்கின்றன.

மிச்சப்படுத்திய நிலக்கரி என்ன ஆயிற்று? யாரும் மண்ணுக்குள் விட்டுவைக்கவில்லை. எஞ்சின் மலிவாக ஓட ஆரம்பித்ததும், சுரங்கத்தில் மட்டும் இருந்தது நூற்பாலைக்குப் போயிற்று, கப்பலுக்குப் போயிற்று, தண்டவாளத்தில் ஏறிற்று. 1865-ல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் இதைத்தான் சுட்டிக்காட்டினார். எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தினால் மொத்தச் செலவு குறையும் என்று நினைப்பது குழப்பம், நடப்பது நேர்மாறு என்றார். எனர்ஜி ஆடிட் செய்பவர்கள் இவர் பெயரைக் கேட்டாலே கொஞ்சம் நெளிவார்கள். எனக்கு அந்த நெளிவு இல்லை. அவர் சொன்னது எல்லா இடத்திலும் முழுசாகப் பலிப்பதில்லை. எல்.இ.டி. வந்தது என்பதற்காக யாரும் வீட்டில் ஏழு மடங்கு விளக்கு போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஆற்றல் மலிவானால் அதை வைத்து மனிதர்கள் புதிதாக ஏதாவது செய்துகொண்டேதான் இருப்பார்கள் என்பது உண்மை. அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

இப்போது டேட்டா சென்டர் என்னும் பெரிய கணினி மையங்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். 2024-ல் உலக மின்சாரத்தில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் அவற்றுக்குப் போயிற்று, வேகமாகக் கூடிக்கொண்டும் இருக்கிறது. எனக்கு அதில் வேடிக்கையாகத் தெரிவது, அங்கே உள்ளே போகும் ஒவ்வொரு யூனிட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது என்பது. கணக்குப் போட்டாலும் படம் வரைந்தாலும் சரி, பௌதிகத்தின் பார்வையில் அந்தக் கட்டடம் ஒரு பெரிய ஹீட்டர். சில குளிர்நாடுகளில் அந்தச் சூட்டைக் குழாயில் பிடித்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். புத்திசாலித்தனம்.

சரி, ஆலைக்குள் வீணாவதைப் பார்த்தோம். வீணாகாமல் நியாயமாகவே செலவாகும் சூடு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அது நம் கையில் இருக்கும் பொருள்களுக்குள் இருக்கிறது. ஒரு கிலோ அலுமினியத்தை அதன் தாதுவிலிருந்து பிரிக்க 14 யூனிட் அளவுக்கு மின்சாரம் வேண்டும். 1886-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்ஸில் பால் எரூவும் ஒருவரை ஒருவர் அறியாமல் கண்டுபிடித்த அதே முறைதான் இன்றும். அதற்கு முன்பு அலுமினியம் விலையுயர்ந்த உலோகம், மின்சாரம் வந்த பிறகுதான் பாத்திரமாகவும் விமானமாகவும் ஆயிற்று. பழைய அலுமினியத்தை உருக்கினால் அதில் 5 சதவீத ஆற்றலே போதும். காலி டப்பாவை நசுக்கிக் குப்பையில் எறிபவரிடம் நான் சண்டைக்குப் போவது இதனால்தான், வேறு பகை இல்லை. சிமென்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை காய்ச்ச வேண்டும். இரும்புக்கு அதைவிடவும் மேலே.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது உரம். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். பயிருக்கு அது வேண்டும், ஆனால் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளத் தெரியாது. 1909-ல் ஃபிரிட்ஸ் ஹேபர் அதை ஹைட்ரஜனோடு சேர்த்து அமோனியா ஆக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்கு வளர்த்தார். 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவில் உற்பத்தி தொடங்கிற்று. நானூறு, ஐந்நூறு டிகிரி சூடு, காற்றழுத்தத்தைப் போல நூறு இருநூறு மடங்கு அழுத்தம், இரும்பு வினையூக்கி. ஹைட்ரஜனை இன்றும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் பிரிக்கிறார்கள். உலகத்தின் இறுதி ஆற்றல் பயன்பாட்டில் இரண்டு சதவீதத்தை இந்த ஒரு பொருள் எடுத்துக்கொள்கிறது. இந்த உரம் இல்லாவிட்டால் இன்றைய மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சாப்பாடு விளைந்திருக்காது என்று கணக்கிடுகிறார்கள். 2022-ல் எரிவாயு விலை எகிறியபோது ஐரோப்பாவில் உர ஆலைகள் வரிசையாக உற்பத்தியைக் குறைத்தன. பல பேருக்கு அப்போதுதான் எரிவாயுவுக்கும் வயலுக்கும் இருக்கும் தொடர்பு தெரிந்தது. தட்டில் இருப்பதில் சூரியனுக்கு மட்டும் அல்ல, எரிவாயுக் குழாய்க்கும் பங்கு இருக்கிறது.

இவ்வளவு நம்பியிருக்கிறோமே, கரண்ட் போனால்? ஐந்து நிமிடம் போனால் எரிச்சல். ஒரு நாள் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2003 ஆகஸ்ட் 14-ஐச் சொல்வேன், ஏனென்றால் அதன் தொடக்கத்திலும் சூடு இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு பிற்பகல். உயர் மின்னழுத்தக் கம்பி வழியாக அதிகக் கரண்ட் போகப் போக அது சூடாகும். சூடானால் உலோகம் நீளும், நீண்டால் கம்பி நடுவில் தொய்யும். கீழே வெட்டாமல் விட்டிருந்த மரங்கள் வளர்ந்திருந்தன. கம்பி மரத்தில் பட்டு ட்ரிப் ஆயிற்று. அதன் சுமை அடுத்த கம்பிக்குப் போக, அதுவும் சூடாகித் தொய்ந்து மரத்தில் பட்டது. கட்டுப்பாட்டு அறையில் இதைக் கத்திச் சொல்லவேண்டிய எச்சரிக்கை மென்பொருள் முன்பே உறைந்துபோயிருந்தது, அது உறைந்ததே உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது. மாலை நாலு மணியைத் தாண்டியதும் சில நிமிடங்களில் எட்டு மாநிலங்களின் பல பகுதிகளும் கனடாவின் ஒன்டாரியோவில் பெரும்பகுதியும் இருட்டாயின. ஏறக்குறைய 5 கோடிப் பேர்.

அன்று விளக்கு போனதைப் பற்றி எழுதியவர்கள் அதிகம். நான் கவனிப்பது அதே ஒஹையோவின் கிளீவ்லாந்து நகரில் தண்ணீர் போனதை. பம்புகள் நின்றன, குழாயில் அழுத்தம் இல்லை. பிறகு தண்ணீர் வந்தபோதும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். மின்சாரம் ஒரு வசதி என்று நினைக்கிறோம், ஆனால் அது நின்றால் முதலில் தடுமாறுவது தண்ணீர், சாக்கடை, மருத்துவமனை, தொலைபேசி, பெட்ரோல் பம்ப். டேங்க் நிறைய எரிபொருள் இருந்தும் அதை ஏற்றித்தர மோட்டாருக்குக் கரண்ட் இருக்காது. மின்கட்டமைப்பில் எடுப்பதும் போடுவதும் நொடிக்கு நொடி சமமாக இருந்தாக வேண்டும், போடுவது கொஞ்சம் குறைந்தால் அதிர்வெண், அதாவது மின்சாரத்தின் துடிப்பு வேகம், இறங்கும், இயந்திரங்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். இது தினமும் பிசகாமல் நடப்பதுதான் எனக்கு ஆச்சரியம், எப்போதாவது விழுவது அல்ல.

இங்கே ஒரு கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றலைப் பற்றிக் கூட்டங்களில் பேசும்போது "மனிதகுலம் ஆற்றல் பயன்பாட்டைக் குறைத்தே ஆக வேண்டும்" என்று யாராவது மேடையேறிச் சொல்வார். ஏ.சி. அறையில் கைதட்டு விழும். எந்த மனிதகுலம்? உலகத்தில் 70 கோடியை ஒட்டிய பேருக்கு இன்னும் மின் இணைப்பே கிடையாது. 200 கோடிக்கு மேற்பட்டோர் விறகிலும் கரியிலும் சாணத்திலும் சமைக்கிறார்கள். அந்தப் புகையால் ஆண்டுக்கு 32 லட்சம் பேர் அகாலமாகச் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறது. அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பது பெண்களும் சிறு பிள்ளைகளும்தான். அவர்களிடம் போய்க் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. விறகு சுமக்கிற பெண்ணுக்குத் தலையில் பாரம் மட்டும் இல்லை, நாளில் பல மணி நேரமும் அதில் போகிறது. அவளுக்கு வேண்டியது ஓர் அடுப்பு, ஒரு குழாய், ஒரு விளக்கு, அப்புறம் ஒரு துணி துவைக்கும் இயந்திரம். கடைசியில் சொன்னதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். கையால் துவைத்துப் பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

வீணாவதைக் குறை, வேண்டியவருக்குக் கூட்டிக்கொடு. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வெப்பநிலை உயர்வு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இன்றும் உலக ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்துதான் வருகிறது. ஆனால் என் வேலையில் கண்ணால் பார்க்கும் மாற்றமும் இருக்கிறது. சூரிய மின்தகடுகளின் விலை 2010-களில் மட்டும் ஏறக்குறைய 90 சதவீதம் விழுந்தது. என் தொழிலில் நுழைந்தபோது யாராவது கூரையில் தகடு போடக் கேட்டால் கணக்குப் போட்டு வேண்டாம் என்று சொல்லி அனுப்புவோம். இப்போது போடாத ஆலையிடம் ஏன் போடவில்லை என்று கேட்கிறோம். மின்சாரத்தில் தீர்வு ஓரளவு கண்ணுக்குத் தெரிகிறது. சூட்டில்தான் இன்னும் கஷ்டம். 1,450 டிகிரியைச் சிமென்ட் சூளையில் மின்சாரத்தால் மலிவாகக் கொண்டுவருவது லேசு இல்லை. அப்படியே கொண்டுவந்தாலும் சுண்ணாம்புக்கல் தன் பங்குக்கு கார்பன் டை ஆக்சைடை விட்டுக்கொண்டுதான் இருக்கும், அது எரிபொருளிலிருந்து வருவது இல்லை.

ஆனால் எல்லாச் சூடும் 1,450 டிகிரி இல்லை. ஆலைகளில் பல இடங்களில் அறுபது, எழுபது டிகிரி வெந்நீர்தான் வேண்டியிருக்கும். அதற்கு ஹீட் பம்ப் இருக்கிறது. ஃபிரிட்ஜ் செய்யும் அதே வேலை, திசை மட்டும் வேறு. வெளியில் இருக்கும் காற்றிலிருந்தோ கழிவுநீரிலிருந்தோ சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளும். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் மூன்று, சில நேரம் நான்கு யூனிட் சூடு கிடைக்கும். இதைச் சொன்னால் ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆற்றலை அது உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருப்பதை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். முதலில் சொன்ன வாளித் தண்ணீரை அரை யூனிட்டுக்குப் பதில் ஆறிலோ ஏழிலோ ஒரு பங்கு யூனிட்டில் சூடாக்கிவிடலாம்.

அடுத்து நான் போகவிருக்கும் இடம் ஒரு பெரிய சலவை நிலையம். மருத்துவமனைத் துணிகளை மொத்தமாகத் துவைப்பவர்கள். அவர்கள் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். 60 டிகிரி வெந்நீருக்காகப் பாய்லரில் 170 டிகிரி நீராவி உண்டாக்கி, அதை நீளமான குழாயில் கட்டடத்தின் மறுமுனைக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் விடுகிறார்கள். துவைத்த தண்ணீர் 45 டிகிரியில் நேராகச் சாக்கடைக்குப் போகிறது. அந்தச் சாக்கடைக் குழாயின் அளவையும் ஓட்டத்தையும் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. மேனேஜர் போனில் சொன்னது: "லைட்டெல்லாம் போன வருஷமே எல்.இ.டி. மாத்திட்டோம் சார், பெருசா எதுவும் இருக்காது."